வசந்தமும் வட்டக்களரியும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, புலம்பெயர் சூழலில் தமிழ் கற்பித்தல் பற்றியே நான் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருப்பர். கடந்த மூன்று மலர்களிலும் அதனைத்தான் எழுதினேன். அவற்றை முழுமையாக வாசித்தவர்கள் இருவர்: நானும், அச்சுப்பிழை திருத்தியவரும். ஆகவே இவ்வாண்டு வேறொன்றைச் சொல்ல விழைகிறேன். இலண்டன் மாநகரின் வசந்த காலத்தையும், அக்காலத்தில் அதன் நூதனசாலைகளிலும் ஓவியக்கூடத்திலும் நாடக அரங்கிலும் நான் கண்டவற்றையும், அவற்றை மனமாரக் காண்பதற்கு எனக்கு ஏன் ஐந்து ஆண்டுகள் பிடித்தன என்பதையும் எழுதுகிறேன். பாடத்திட்டத்தை எதிர்பார்த்த பெற்றோர் பொறுத்தருள்க.

ஊரிலே பத்தாண்டு காலம் தமிழும் வரலாறும் படிப்பித்தவன் நான். இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். வெளியே பார்த்தால் வன்னி வெயில் தகித்துக்கொண்டிருக்கும். குளத்தின் அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். "இதிலே இனிமை எங்கே சேர்?" என்று கேட்ட மாணவனுக்கு, இலக்கியத்தில் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அக்கேள்விக்கான விடை எனக்கு இந்நாட்டிலேதான் கிடைத்தது. பங்குனி மாத இறுதி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். அதன்பின் மாலைப்பொழுது நாளுக்கு நாள் நீள்கிறது. எலும்புக்கூடு போல் நின்ற மரங்கள் இலை விடுமுன் பூ விடுகின்றன. ஆறு மாதம் தலை குனிந்து நடந்த மனிதர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

நான் இங்கு வந்து சேர்ந்தது 2013 மாசியில். அகதிக் கோரிக்கை பரிசீலனையில் இருந்தது. வேலை செய்ய அனுமதியில்லை. உறவினர் ஒருவரின் வீட்டில் இடம் கிடைத்தது. கைச்செலவுக்கு வாரம் 37 பவுணுக்கும் சற்றுக் குறைவான உதவித்தொகை. பகல் முழுவதும் அந்த வீட்டில் இருப்பது அவர்களுக்கும் இடைஞ்சல், எனக்கும் கூச்சம். ஆதலால் நடந்தேன். சித்திரை மாதத்தில் ஒருநாள் மழைக்கு ஒதுங்க இடம் தேடியபோது, பெரும் தூண்கள் வரிசையாய் நின்ற கட்டடமொன்றைக் கண்டேன். பிரித்தானிய நூதனசாலை.

(எங்கள் மாணவர்களின் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'அருங்காட்சியகம்' என்றிருக்கிறது. நல்ல சொல்தான். ஆயினும் யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ளதை நூதனசாலை என்று சொல்லியே வளர்ந்த நாவு எளிதில் மாறாது.)

வாயிலிலே சீருடையணிந்த காவலர் ஒருவர் நின்றார். நான் அவரிடம் போனேன். போனதும் என் கை தானாகவே சட்டைப்பைக்குள் சென்று, உள்துறை அமைச்சு தந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டிற்று. யாரும் கேட்கவில்லை. ஓமந்தையிலும் ஆனையிறவிலும் பழகிய கை அது. காவலர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது வேண்டாம், உள்ளே போகலாம் என்று கையால் வழி காட்டினார். பணம்? அதுவும் வேண்டாமாம். 1759 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூதனசாலையில் பார்வையாளருக்கு நுழைவு இலவசம் என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று அது தெரியாது. யாரோ பின்னால் வந்து அழைப்பார்கள் என்ற நினைவோடுதான் முதல் அரை மணி நேரமும் நடந்தேன்.

முப்பத்து மூன்றாம் இலக்கக் கூடத்தில் சீனத்துப் பொருட்களும் தெற்காசியச் சிற்பங்களும் உள்ளன. அங்கேதான் அவள் நின்றாள். பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா. உயரம் 143 சென்றிமீற்றர். ஏறக்குறைய நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். இடைக்கு மேல் ஆடையில்லை. தலையில் உயர்ந்த முடி. வலக்கை தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, வரத முத்திரை காட்டி நிற்கிறது. விளக்கக் குறிப்பை எழுத்துக் கூட்டி வாசித்தேன். காலம் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. கண்டெடுக்கப்பட்ட இடம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை.

எனது தாயாரின் ஊர் அந்தக் கரையில் உள்ளது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஊர்ப்பெயரைக் கண்டவனின் நிலையை இங்கு வளர்த்துச் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்த வாங்கில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன் என்பது போதும்.

அச்சிலையை நூதனசாலைக்கு 1830 இல் கொடுத்தவர் சேர் றொபேட் பிறவுண்றிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர், கண்டி இராச்சியத்தை 1815 இல் பிரித்தானியர் கைப்பற்றிய காலத்தவர். அன்றைய ஆங்கிலேயக் கண்களுக்கு அவளுடைய திருமேனி நாகரிகக் குறைவாகப் பட்டதால், முதல் முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல் களஞ்சியத்தில் வைத்திருந்தனராம். கடல் கடந்து வந்தும் முப்பது ஆண்டுகள் உள்ளறையில் காத்திருந்தவள். எனது கோப்பு அப்போது பத்து வாரமே காத்திருந்தது.

அந்த வசந்தம் முழுவதும் வாரத்தில் இருமுறை அங்கு போய்வந்தேன். ஆனால் உண்மையைச் சொல்வதானால், அதனைக் கலையின்பம் என்று சொல்ல முடியாது. சூடான கட்டடம், இலவசம், கேள்வி கேட்பாரில்லை, ஊரவள் ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவே. இசை நிகழ்ச்சிக்கோ நாடகத்துக்கோ போவதை மனம் ஒப்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்நாட்டில் வசந்தம் உச்சங்கொள்வது மே மாதத்தில். எமக்கு மே மாதம் என்றால் 2009 தான். பூங்காவில் பூக்கள் சொரியும் அதே வாரத்தில் நாம் கறுப்புத் துணி அணிந்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். அந்த மாதத்திலே நுழைவுச்சீட்டு வாங்கி, கைதட்டி, சிரித்துவிட்டு வருவதா?

அடுத்த ஆண்டு வதிவிட உரிமை கிடைத்து இப்பள்ளியில் தொண்டராசிரியனாகச் சேர்ந்தேன். என்னோடு படிப்பித்த மூத்த ஆசிரியை ஒருவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்பவர், 2014 மே மாதத்தில் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் நடந்த மதிய நேரப் பியானோ நிகழ்ச்சிக்கு வரும்படி அழைத்தார். மேற்சொன்ன காரணத்தைச் சொல்லி மறுத்தேன். சற்றுக் கடுமையாகவே சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா வாதாடவில்லை. அடுத்த சனிக்கிழமை தேநீர் இடைவேளையில் ஒரு செய்தியை மட்டும் சொன்னார்.

1939 புரட்டாதியில் போர் மூளுமுன்னரே, திரபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக்கூடத்தின் படங்களையெல்லாம் குண்டுக்குத் தப்ப வேல்சுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னர் 1941 இல் அவை மனோட் என்னும் மலையின் கற்சுரங்கத்துள் வைக்கப்பட்டன. நகரத்தின் நாடக அரங்குகளும் இசை மண்டபங்களும் மூடப்பட்டன. வெறுஞ்சுவர்களோடு நின்ற ஓவியக்கூடத்தில் மதிய வேளையில் இசை நடத்தலாமா என்று கேட்டுச் சென்றவர் மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர். ஒக்ரோபர் 10ஆம் நாள் முதல் நிகழ்ச்சி. நுழைவு ஒரு சிலிங். நாற்பது ஐம்பது பேர் வந்தாற் போதும் என்றிருந்த இடத்தில் ஆயிரம் பேரளவில் திரண்டனர். திங்கள் முதல் வெள்ளி வரை, நாள்தோறும். குண்டு வீழ்ந்து கூரைக் கண்ணாடி சிதறிய நாட்களில் நிலவறைக்குள் இறங்கி வாசித்தார்கள். 1946 சித்திரை வரை 1,698 நிகழ்ச்சிகள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டனர். 1942 இல் பொதுமக்கள் வேறொன்றும் கேட்டனர்: எல்லாப் படமும் வேண்டாம், ஒன்றையாவது கொண்டுவந்து காட்டுங்கள். அவ்வாறே மாதத்துக்கு ஒரு படம் சுரங்கத்திலிருந்து வந்தது. மக்கள் கேட்டு முதலில் வந்தது திசியான் வரைந்த ஓவியம்; உயிர்த்தெழுந்த இயேசுவின் முன் மகதலா மரியாள் மண்டியிட்டிருப்பது. நகரத்தின் மேல் மீண்டும் குண்டு விழக்கூடும் என்று தெரிந்திருந்தும், ஒரேயொரு படத்தைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

அக்கா சொல்லி முடித்துவிட்டு, தன் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். எனக்கோ அன்று பிற்பகல் வகுப்பு எடுக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்தெழுதச் சொல்லிவிட்டு இருந்தேன். அதற்கான காரணத்தை அக்காவுக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக்குக் கோவலன் கூத்து உரியது. வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். அப்பருவத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்துத் தூக்கக் கலக்கத்தோடு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகியவன் நான். 2008 இல் எங்கள் பாடசாலை ஆண்டு இறுதி நிகழ்ச்சிக்காக ஒன்பதாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு அக்கூத்தின் ஒரு பகுதியைப் பழக்கினேன். அண்ணாவியார் ஒருவர் வந்து மத்தளம் அடித்தார். பாண்டிய மன்னனாக வேடம் ஏற்றவன், படிப்பில் பின்வாங்கில் இருப்பவன். குரல் மட்டும் மூன்று வீதிக்குக் கேட்கும். அட்டையிலே ஈயத்தாள் ஒட்டி அவனே ஒரு முடி செய்திருந்தான். ஐப்பசிக்குப் பின் இடப்பெயர்வு தொடங்கிற்று. ஓரிடம் விட்டு ஓரிடமாய்ப் போய், விசுவமடுவை அண்டிய ஒரு மரத்தடியில் வகுப்பு நடத்தினோம். மத்தளம் எங்கோ தவறிப்போனது. பாடப்புத்தகங்களைப் பலரும் விட்டுவிட்டு வந்திருந்தனர். அவன் அந்த முடியைக் கொண்டுவந்திருந்தான். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சேர், கூத்து எப்ப?" என்று கேட்டான்.

"சனம் சாகுது, உனக்குக் கூத்தோ?" என்று ஏசினேன்.

அவன் மறுமொழி சொல்லவில்லை. 2009 தை மாதத்தோடு வகுப்புக் கலைந்தது. பின்னர் செட்டிகுளம் முகாமில் அவனுடைய ஊரவர்களைக் கண்ட இடமெல்லாம் விசாரித்தேன். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

ஆசிரியர் என்ற முறையில் நான் எத்தனையோ மாணவரை ஏசியிருக்கிறேன், பிரம்பும் எடுத்திருக்கிறேன். அவற்றுள் பலவற்றுக்கு நியாயம் இருந்தது என்றே இன்றும் எண்ணுகிறேன். இதற்கு இல்லை. அவன் பிழையாகக் கேட்டான் என்றுதான் நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சிலிங் கொடுத்து நிலவறைக்குள் இறங்கியவர்களின் கதையைக் கேட்டபின் அப்படிச் சொல்ல முடியாது போயிற்று.

அதன் பின்னரும் உடனே நான் மாறிவிடவில்லை. மதிய இசைக்கு அக்காவோடு இரண்டொரு முறை போனேன். மேல்நாட்டு இசை எனக்கு இன்றும் முழுதாய் விளங்காது. எங்கே கைதட்டுவது என்பதை அக்காவின் கையைப் பார்த்தே அறிந்துகொள்கிறேன். நாடகத்துக்குப் போனது 2018 மே மாதத்தில். தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு. மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகள் அவரைச் செகசிற்பியார் என்று தமிழாக்கி, அவர்தம் நாடகங்களை ஆராய்ந்து 1926 இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். மாணவர்க்கு அதனைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். செகசிற்பியாரின் நாடகம் ஒன்றை மேடையிலே கண்டதில்லை. நிற்கும் இடத்துக்கு ஐந்து பவுண். அவ்வளவு மலிவா என்று இருமுறை கேட்டு உறுதி செய்தே வாங்கினேன்.

உள்ளே போனவன் திகைத்துவிட்டேன். இது வட்டக்களரி அல்லவா! வட்டமென்று தோன்றும் இருபது பக்கக் கட்டடம். நடுவே திறந்த வானம். முற்றத்திலே நாம் நிற்க, மேடை நமக்குள் நீண்டு வந்து நிற்கிறது. நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே வெளிச்சம். முதலாவது குளோப் 1599 இல் எழுந்தது. 1613 இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியின் பொறி ஓலைக்கூரையில் பற்றி எரிந்து போனதாம். இப்போதுள்ளது பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி 1997 இல் திறக்கப்பட்டது. 1666 இன் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனில் வேய்ந்த கூரைக்கு அனுமதி பெற்ற முதற் கட்டடம் இதுவே. மழை பெய்தால் முற்றத்தில் நிற்பவர் நனையத்தான் வேண்டும். அன்றும் தூறியது. ஒருவரும் அசையவில்லை. கோயில் வீதியில் சாக்கை விரித்துப் போர்வைக்குள் சுருண்டு கிடந்து கூத்துப் பார்த்த சனத்தை நினைத்துக்கொண்டேன்.

நாடகம் 'அஸ் யூ லைக் இற்'. தம்பியால் நாடு கடத்தப்பட்ட பிரபு ஒருவர் தம்மவரோடு காட்டிலே வாழ்கிறார். அவருடைய மகள் ரோசலிந்தும் பின்னர் துரத்தப்படுகிறாள். அவளோடு சீலியாவும் புறப்படுகிறாள். போகச் சொல்லிக் கட்டளை பிறந்தது ரோசலிந்துக்கு மட்டுமே. சீலியா துரத்தியவனின் சொந்த மகள். அரண்மனையில் இருந்திருக்கலாம். தானாகவே உடன் போகிறாள். எனக்காகப் பின்னால் வந்தவர்களை நினையாமல் அக்காட்சியைப் பார்க்க முடியவில்லை.

ரோசலிந்தாக நடித்தவர் ஓர் ஆண். கூத்திலே ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடக் கண்டவர்க்கு அது புதுமையல்ல. சீலியாவாக வந்தவரோ வாயால் பேசவில்லை, கைகளாற் பேசினார். செவிப்புலனற்ற நடிகை. தன் வசனங்களைச் சைகை மொழியிலேயே சொன்னார். முதலில் எனக்குத் தடுமாற்றம். கால் மணி நேரத்தில் அந்தக் கைகள் கோபிப்பதும் கெஞ்சுவதும் கேலி செய்வதும் துலக்கமாயின. சுற்றி நின்ற ஆங்கிலேயர் பலருக்கும் அம்மொழி தெரிந்திராது. ஆனால் அவர்கள் உரிய இடத்தில் சிரித்தார்கள். ஆங்கில வசனத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆகவே அன்று அந்த முற்றத்தில் எனக்கு முற்றாக விளங்கிய பாத்திரம் சீலியா ஒருத்திதான். இடைவேளையில் நடிகர் பட்டியலைப் பார்த்தேன். நாடியா நடராஜா என்றிருந்தது. நடராஜா! அவரே 2024 இல் அதே அரங்கில் கிளியோபாட்ராவாக நடித்தார். எகிப்தியர் சைகை மொழியிலும் உரோமர் ஆங்கிலத்திலும் பேசிய நாடகம் அது.

அன்று நான் சிரித்தேன். பலமாகவே சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அந்தப் பையனின் அட்டை முடியும் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் அதுவும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை. அவ்வாரத்திலேயே வழமைபோல் மெழுகுதிரியும் ஏற்றினேன்.

2019 முதல், நோய்த்தொற்றுக் காலம் நீங்கலாக, வசந்த விடுமுறையில் எனது வகுப்பு மாணவரைக் கூட்டிச் செல்கிறேன். பெற்றோர் சிலருக்கு இது வீண் பொழுதாய்ப் படுவதை அறிவேன். சனி காலை தமிழ், மாலை கணித ரியூசன், ஞாயிறு மிருதங்கம், நீச்சல் என்று பிள்ளையின் நேரத்தை நெல்லுப் போல் அளந்து வைத்திருக்கிறோம். அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், காசில்லாமல் திறந்திருக்கும் கதவுக்குள் பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு யோசிக்கிறோம். விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் சோழர் காலத்து நடராசர் இருக்கிறார்; வெள்ளைக்கார வீரனைக் கடித்துக் குதறும் திப்பு சுல்தானின் மரப்புலியும் இருக்கிறது. புலியின் வயிற்றுக்குள் இசைப்பெட்டி உண்டென்று சொன்னால் எந்தப் பிள்ளையும் அதன் பக்கத்தை விட்டு நகராது. அங்கேயும் 2001 கடைசி முதல் நுழைவு இலவசம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். கால் நோவதைத் தவிர வேறு பயனில்லை. ஒரு மணித்தியாலம், ஒரு கூடம், ஒரு பொருள் போதும். மிகுதி நேரத்துக்கு அப்பம் வாங்கிக் கொடுங்கள்.

சென்ற ஆண்டு தாராவின் முன்னே எல்லோரையும் நிலத்தில் இருத்தி, பார்த்ததைத் தமிழில் ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்டதைக் கொடுக்கும் கை என்று விளக்கினேன்.

"அவவுக்கு ஊருக்குப் போக விருப்பமா சேர்? ஆரும் அவவைக் கேட்டவையா?"

இங்கே பிறந்த பிள்ளை. நான் யாரும் கேட்டதாய்த் தெரியவில்லை என்றேன். அவள் அதனையே முதல் வசனமாக எழுதினாள். 'ஊருக்கு' என்பதில் ஒற்றெழுத்தை விட்டிருந்தாள், திருத்திக் கொடுத்தேன்.

இவ்வாண்டும் விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை செல்லவிருக்கிறோம். காலை பத்து மணிக்கு நூதனசாலை வாசலில் கூடுவோம். பிள்ளைகள் பென்சிலும் கொப்பியும் மதிய உணவும் கொண்டுவரட்டும். அடையாள அட்டை எதுவும் தேவையில்லை. வைகாசியில் குளோப் அரங்குக்கும் மேல்வகுப்பு மாணவரைக் கூட்டிச் செல்ல எண்ணியுள்ளேன். உடன் வர விரும்பும் பெற்றோர் என்னிடமோ அக்காவிடமோ பெயர் கொடுக்கலாம். நிற்பதற்கு வசதியான சப்பாத்து அணிந்து வாருங்கள். மழை அங்கி கட்டாயம். முற்றத்தில் குடை விரிக்க விடமாட்டார்கள்.